மருந்து டேங்கைத் தோளில் ஏற்றும் முன்: பழனிமலை பீன்ஸ், அவரைத் தோட்டங்களில் ஒட்டுண்ணிக் குளவிகளைக் கண்டறிய, எண்ண, காப்பாற்ற முழு வழிகாட்டி

பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் நடுவில் மலைச்சரிவில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். காபியும் மிளகும் போக, வெயில் நன்றாக விழும் மேட்டில் பீன்ஸும் அவரையும் போடுகிறோம். ஒரு வருடம் பீன்ஸ் இலையெல்லாம் பாம்பு நெளிந்த மாதிரி வெள்ளைக் கோடு. மருந்துக்கடையில் சொன்னதைச் சொன்னபடி அடித்தேன், ஒரே மாதத்தில் நாலு தடவை. கோடு கூடியதே தவிரக் குறையவில்லை. வேலியோரம் தானாக முளைத்து யாரும் சீண்டாமல் கிடந்த அவரைக்கொடியிலோ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கோடு. களையெடுக்க வந்த அக்கா அந்தக் கொடியின் இலை ஒன்றைக் கிள்ளி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல புழு செத்துல்ல கெடக்கு? மருந்தே படாத செடியில எப்பிடிச் செத்துச்சு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போய்க் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

புழுவைக் கொன்றது ஒரு குளவி. இரண்டு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது, நம்மைக் கொட்டாது, மற்றக் குளவி மாதிரிச் சுவரில் கூடு கட்டாது. தன் முட்டையை இன்னொரு பூச்சியின் உடம்புக்குள்ளோ, மேலேயோ, அதன் முட்டைக்குள்ளோ வைக்கும். பொரிக்கும் குஞ்சுப்புழு அந்தப் பூச்சியைத் தின்றே வளரும். இதை வேளாண் துறையில் ஒட்டுண்ணி என்கிறார்கள். மாட்டின் மேல் இருக்கும் உண்ணியை நினைத்துக்கொள்ள வேண்டாம். உண்ணி மாட்டைக் கொல்வதில்லை. இது தான் புகுந்த பூச்சியைக் கொல்லாமல் விடுவதில்லை.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2008-இல் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெள்ளையடித்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து வளர்த்து விட்டார்கள். அதன் பிறகுதான் அடங்கியது. பப்பாளிக்குக் குளவி வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. பீன்ஸுக்கும் அவரைக்கும் பட்டாணிக்கும் வேண்டிய குளவிகளில் பெரும்பாலானவை நம் வரப்பிலேயே இருக்கின்றன. நாம் செய்ய வேண்டியது அவற்றைக் கொல்லாமல் இருப்பது. அதற்கு முதலில் அடையாளம் தெரிய வேண்டும்.

படி 1: லென்ஸும் நோட்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு டேங்க் மருந்துச் செலவைவிடக் குறைவாகவே ஆகும். பனி காய்ந்த பிறகு, காலை எட்டிலிருந்து பத்துக்குள் தோட்டத்துக்குள் போங்கள். வரப்போரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், குறுக்கும் நெடுக்குமாக நடந்து ஐந்து இடத்தில் நின்று, இடத்துக்குப் பத்துச் செடி பாருங்கள். கொழுந்து, நடு இலையின் அடிப்பக்கம், பூங்கொத்து, பிஞ்சுக்காய், தண்டின் அடி ஆகிய ஐந்தையும் பார்க்க வேண்டும். பார்த்ததை அங்கேயே நோட்டில் குறியுங்கள். ஒரு நாள் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மூன்று நாள் கழித்து மறுபடி பார்த்து, முதல் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால்தான் நிலைமை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்.

படி 2: கொழுந்தில் பேன். எது உயிரோடு இருக்கிறது?

நம் பக்கம் பேன் என்றும் அசுவினி என்றும் சொல்லும் கருப்புப் பூச்சி அவரைக் கொழுந்தில் மொய்த்தவுடன் கை மருந்துக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுத்து லென்ஸை வையுங்கள். கூட்டத்தில் நாலு விதமான உருவங்கள் தெரியும்.

முதல் வகை, மினுமினுப்பாகக் கருத்த உயிருள்ள பேன். தொட்டால் கால் அசையும். இரண்டாவது, வெள்ளைத் தோல். பேன் வளரும்போது கழற்றிப்போட்ட சட்டைதான் அது. இதை வேறு ஏதோ புதுப் பூச்சி என்று எண்ணி மருந்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவதுதான் நாம் தேடுவது: கடலைத்தோல் நிறத்தில், உருண்டு உப்பி, காகிதம் போல மொறமொறப்பாக இலையோடு ஒட்டியிருக்கும் பேன். ஆராய்ச்சியாளர்கள் இதை மம்மி என்பார்கள். நாங்கள் உப்பின பேன் என்கிறோம். உள்ளே ஆஃபிடியஸ் அல்லது லைசிஃப்ளெபஸ் இனத்துக் குளவியின் புழு பேனைக் காலி செய்துவிட்டுக் கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. உப்பின பேன் வெளிர் நிறத்துக்குப் பதிலாகக் கன்னங்கரேலென்று இருந்தால், அது அஃபெலினஸ் என்ற வேறொரு குளவியின் வேலை. முதுகில் சீராக வெட்டிய வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. துளையின் ஓரம் கடித்துக் குதறிய மாதிரி இருந்தால் கவலைப்படலாம். நம் குளவிக்கே எமனாக வரும் இரண்டாம் நிலை ஒட்டுண்ணி ஒன்று உண்டு. பெரும்பாலும் அதன் துளைதான் இப்படி ஒழுங்கற்று இருக்கும்.

நாலாவது உருவம் ஐப்பசி, கார்த்திகை மழையில் அதிகம் தெரியும். உப்பாமல் தட்டையாகச் சரிந்து, பழுப்பாக, மேலே பஞ்சு படர்ந்த மாதிரி இருக்கும். இது குளவியின் வேலை அல்ல, பூஞ்சணம் தாக்கிச் செத்த பேன். ஈரமும் மேகமும் நிற்கும் மலைத்தோட்டத்தில் இந்தப் பூஞ்சணம் இரண்டே வாரத்தில் கூட்டத்தையே அழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் பூஞ்சணக்கொல்லி அடித்தால் இந்த உதவியும் போய்விடும்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. குளவி முட்டை வைத்த பேன் அன்றே உப்பிவிடாது. 20 டிகிரி வெப்பத்தில் ஏழெட்டு நாள் ஆகும். அதுவரை சாதாரணப் பேன் மாதிரியே சாறு உறிஞ்சிக்கொண்டு நிற்கும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் உப்பின பேனைப் போல எத்தனையோ மடங்கு, உள்ளே குளவியைச் சுமந்தபடி உயிரோடு திரிந்துகொண்டிருக்கலாம். இன்று ஐந்து என்றால் அடுத்த வாரம் ஐம்பதாகலாம். நூறு பேனில் பத்து உப்பியிருந்து, மூன்று நாள் கழித்து அந்தப் பத்து பதினைந்தாகியிருந்தால் நான் டேங்கைத் தொடுவதில்லை. இது என் தோட்டத்துக் கணக்கு. உங்கள் நோட்டு உங்களுக்கென்று ஒரு கணக்கைச் சொல்லும்.

எறும்பையும் கவனிக்க வேண்டும். பேன் விடும் தேன் போன்ற கழிவுக்காக எறும்பு காவல் நின்று குளவியை விரட்டும். எறும்பு ஏறாத செடியில் உப்பின பேன் நிறைய, ஏறிய செடியில் ஒன்றுமில்லை என்பதைப் பக்கத்துப் பக்கத்திலேயே பார்க்கலாம். எறும்பு மொய்க்கும் கொழுந்தை மட்டும் கிள்ளி வாளித் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

படி 3: பாம்புக் கோடு. இலையை வெயிலுக்கு நேரே பிடியுங்கள்

இலையில் பாம்புக் கோடு போடுவது லிரியோமைசா என்ற இலைத்துளைப்பான் ஈயின் புழு. இந்த ஈ 1990-களின் தொடக்கத்தில்தான் இந்தியாவுக்குள் வந்தது. வந்தது வெளிநாட்டு ஈ என்றாலும் நம் ஊர்க் குளவிகள் அதைப் பழகிக்கொண்டன. ஹெமிப்டார்சீனஸும் டிக்ளிஃபஸும் அவற்றில் முக்கியமானவை.

கோடு விழுந்த இலையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். கோட்டின் அகலமான முனையில் மஞ்சள் நிறப் புழு நெளிந்தால் அது உயிரோடு இருக்கிறது. பழுப்பாகத் தொய்ந்து அசையாமல் கிடந்தால் குளவி கொட்டிவிட்டது என்று பொருள். அதன் பக்கத்திலேயே குளவியின் சின்னப் புழுவோ கூட்டுப்புழுவோ இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். டிக்ளிஃபஸ் ஒரு அழகான வேலை செய்யும். கூட்டுப்புழுவாக மாறும் முன், இலையின் மேல்தோல் தன்மேல் அமுங்கிவிடாதபடி சுற்றிலும் தன் எச்சத்தாலேயே குட்டித் தூண்கள் நிறுத்தும். வெயிலில் பிடித்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும். சுரங்கத்துக்குள் முட்டுக்கொடுத்த மாதிரி அந்தத் தூண்களை முதலில் பார்த்தபோது, நான் நாலு தடவை அடித்த மருந்து எத்தனை தூண்களைச் சாய்த்திருக்கும் என்றுதான் தோன்றியது.

என் மருந்து ஏன் கோட்டைக் கூட்டியது என்பதும் இதில்தான் விளங்கியது. இலைத்துளைப்பான் புழு இலையின் இரண்டு தோலுக்கு நடுவில் ஒளிந்திருக்கிறது. குளவியோ வெளியே நடந்து திரிகிறது. மேலே விழும் மருந்தில் முதலில் சாவது குளவி. மிஞ்சும் ஈக்கு எதிரியே இல்லாமல் போகிறது, போதாததற்கு அது மருந்துக்குச் சீக்கிரம் பழகியும் கொள்கிறது.

இருபது கோடுகளைப் பார்த்து, எத்தனையில் புழு செத்துக் கிடக்கிறது என்று எண்ணுங்கள். குட்டையாகவே நின்றுபோன கோடுகளை விட்டுவிடாதீர்கள். குளவி முட்டை வைக்காமல், பசிக்குப் புழுவைக் குத்தி உறிஞ்சிவிட்டுப் போவதும் உண்டு. அதுவும் நமக்கு லாபம்தான். அடியிலைகளில் கோடு இருந்தாலும் செடி காயைக் குறைக்காது. விதை முளைத்த இரண்டு வாரத்துக்குள் முழுச் செடியும் வெளுத்தால் மட்டும்தான் நான் கவலைப்படுவேன்.

படி 4: காய்ப்புழு

பச்சைக் காய்ப்புழுவின் முட்டை மொட்டிலும் இளங்காயிலும் தனித்தனியாக, கடுகைவிடச் சின்னதாக, முத்து மாதிரி இருக்கும். பொரிக்கப்போகும் முட்டையில் பழுப்பு வளையம் தெரியும். முழு முட்டையும் பளபளவென்று கருத்திருந்தால் உள்ளே இருப்பது டிரைக்கோகிரம்மா. முட்டை ஒட்டுண்ணி இது. புழு பிறக்கவே விடாது என்பதால் காயில் ஒரு ஓட்டைகூட விழாது.

புழு பொரித்துவிட்டால் அடுத்த காவல் கம்போலெட்டிஸ் என்ற குளவி. குட்டிப் புழுவாக இருக்கும்போதே உள்ளே முட்டை வைத்துவிடும். புழு பாதி வளரும் முன்பே உள்ளேயிருந்து வெளிவந்து, பக்கத்திலேயே கூடு கட்டும். கருப்புத் திட்டுகள் கொண்ட வெண்சாம்பல் கூடு, அரிசி மணி அளவு. ஒரு ஓரத்தில் செத்த புழுவின் காய்ந்த தோல் ஒட்டியிருக்கும். நான் இதைப் பல வருடம் ஏதோ பூச்சி முட்டை என்று நசுக்கியிருக்கிறேன். தயவுசெய்து நசுக்காதீர்கள்.

பெரிய புழுவின் தலைக்குப் பின்னால் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டியிருந்தால் அது டாக்கினிட் என்ற ஒட்டுண்ணி ஈ வைத்தது. இந்தப் புழு பெரும்பாலும் சாகும், ஆனால் நன்றாகத் தின்று கொழுத்த பிறகுதான் சாகும். இந்தப் போக காய்க்கு இதனால் பலன் குறைவு. அடுத்த தலைமுறைப் புழு குறையும்.

பூவையும் காயையும் நூலால் கட்டி உள்ளே ஒளியும் புள்ளிக் காய்ப்புழுதான் அவரையில் எங்களுக்கு நிஜமான தொல்லை. இதற்கும் குளவிகள் உண்டு, என்றாலும் அவற்றை மட்டும் நம்பி நான் உட்கார்ந்திருப்பதில்லை. கட்டிய பூங்கொத்தைக் கையால் கிள்ளுவதே முதல் வேலை. கிள்ளியதை எரிக்காமல் மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் போடுங்கள். மூடியை வட்டமாக வெட்டிக் கொசுவலையை இறுக்கிக் கட்டி, வாளியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, தோட்டத்திலேயே நிழலில் விடுங்கள். சின்னக் குளவிகள் வலைக்கண் வழியாகப் போய்விடும், அந்துப்பூச்சி போக முடியாது. ஏறி வெளியே வரப் பார்க்கும் குட்டிப் புழு தண்ணீரில் விழும். இலைத்துளைப்பான் ஈக்கு மட்டும் இந்த வாளி உதவாது. ஈயும் குளவியும் ஒரே அளவு என்பதால் இரண்டும் வெளியேறிவிடும்.

படி 5: தண்டு ஈ, வெள்ளை ஈ

முளைத்த பத்து நாளில் செடி மஞ்சளாகி, தண்டின் அடி வீங்கி வெடித்தால் தண்டு ஈ. இதன் குளவி ஓபியஸ். 1969-இல் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோய் விட்டு, இதே ஈயை அங்கே அடக்கினார்கள். ஆனால் ஓபியஸ் ஈயின் கூட்டிலிருந்துதான் வெளிவரும். அதற்குள் அந்தச் செடி போய்விடும். எனவே தப்பிய செடிகளுக்கு உடனே மண் அணையுங்கள். வீங்கிய இடத்துக்கு மேலே புது வேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும்.

இலையின் அடியில் வெள்ளை ஈயின் செதில் போன்ற குஞ்சுகளுக்கு நடுவே கருப்புச் செதில் தெரிந்தால் என்கார்சியா வந்துவிட்டது. 1926-இல் இங்கிலாந்தில் ஒரு தக்காளி விவசாயி இந்தக் கருப்புச் செதில்களைக் கவனித்துப் பூச்சியியலாளர் ஸ்பையரிடம் காட்டியதில்தான் அந்தக் குளவியை வளர்த்துக் கண்ணாடிக்கூடங்களுக்குக் கொடுக்கும் வழக்கமே பிறந்தது. எங்கள் தோட்டத்து அக்கா கேட்ட கேள்வியும் அந்த விவசாயி கேட்டதும் ஒன்றுதான்.

படி 6: வீட்டிலேயே ஒரு சோதனை

கண்ணால் பார்ப்பதில் சந்தேகம் இருந்தால் இதைச் செய்யுங்கள். உப்பின பேன் உள்ள கொழுந்து, கோடு விழுந்த இலை, சின்னப் புழு ஆகியவற்றைத் தனித்தனிக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்து, பாட்டில் வாயை நெருக்கமாக நெய்த மெல்லிய துணியால் கட்டுங்கள். கொசுவலை போதாது, குளவி போய்விடும். இலை வியர்த்துப் பூசணம் பிடிக்காமல் இருக்கப் பேப்பரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அடுப்படிப் பக்கம் வேண்டாம், வெயிலிலும் வேண்டாம். தேதியை ஒட்டி வையுங்கள். எங்கள் உயரத்தில் பதினைந்து நாளுக்குள் வர வேண்டியதெல்லாம் வந்துவிடும். வந்ததில் ஈ எத்தனை, குளவி எத்தனை என்று எண்ணினால் உங்கள் தோட்டத்தின் உண்மை நிலவரம் தெரியும். எண்ணி முடித்ததும் குளவிகளைத் தோட்டத்திலேயே திறந்துவிடுங்கள்.

படி 7: குளிரைக் கணக்கில் எடுங்கள்

என் மச்சான் மேல்மலையில் உள்ள மன்னவனூரில் பட்டாணியும் பீன்ஸும் வைக்கிறார். எங்கள் தாண்டிக்குடிப் பக்கத்துக் கணக்கை அவரிடம் சொன்னபோது, "மாப்ள, ஒங்க வெயிலு வேற, எங்க பனி வேற" என்றார். சரியாகத்தான் சொன்னார். குளிரில் எல்லாப் பூச்சியும் மெதுவாகத்தான் வளரும். ஆனால் பேன் வளரத் தொடங்கும் குறைந்தபட்ச வெப்பம், அதன் குளவிக்குத் தேவையானதைவிடப் பொதுவாகக் குறைவு. மார்கழி, தை உறைபனி முடிந்து லேசாக வெயில் ஏறும்போது பேன் முந்திக்கொள்ளும், குளவி பின்தங்கும். மேல்மலைக்காரர்கள் அந்த இரண்டு மூன்று வாரத்தைக் கொழுந்து கிள்ளியும், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தும் தாண்டிவிட்டால் போதும்.

குளிர் நமக்கு உதவிய கதையும் உண்டு. நீலகிரியில் முட்டைகோஸ் வைரமுதுகு அந்துப்பூச்சிக்காகக் கொண்டுவந்து விட்ட டயடெக்மா குளவி அங்கே நிலைத்துவிட்டது. சமவெளியின் வெப்பம் அதற்கு ஒத்துவராது. எந்தக் குளவிக்கு எந்த உயரம் என்பதைப் பார்க்காமல் காசு கொடுத்து வாங்கக் கூடாது.

டிரைக்கோகிரம்மா அட்டை (அந்தக் குளவி புகுந்த முட்டைகளை ஒட்டிய அட்டை) வாங்குவோருக்கும் இது பொருந்தும். கடையில் கிடைக்கும் கைலோனிஸ் வகை 25 முதல் 30 டிகிரியில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். எங்கள் பக்கம் போன்ற கீழ்மலையில் கோடையில் விடலாம். மேல்மலையின் குளிர்மாதத்தில் வீண். பூ எடுக்கும்போது ஏக்கருக்கு 2 சிசி (அட்டையில் உள்ள முட்டையின் அளவு) கணக்கில் வாரம் ஒருமுறை, சாயங்காலத்தில், அட்டையைத் துண்டுகளாக வெட்டி இலையின் அடியில் குத்துங்கள். மழை நனைக்கும் இடமோ எறும்பு ஏறும் இடமோ கூடாது. துவரையில் இது அவ்வளவாக எடுபடாது. அதன் பூவிலும் காயிலும் உள்ள பிசுபிசுப்பான ரோமத்தில் இத்தனை சின்னக் குளவி நடக்கத் திணறும்.

படி 8: குளவிக்குச் சோறு

குளவிக்குப் பூந்தேன் கிடைத்தால் அது பல நாள் உயிரோடு இருந்து முட்டை வைக்கும். கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அதன் வாய் சின்னது, ஆழமான பூவில் எட்டாது. கொத்தமல்லி, சோம்பு, கடுகு போன்ற திறந்த பூக்கள்தான் வேண்டும். பீன்ஸ் விதைக்கும் அன்றே வரப்பில் கொத்தமல்லி தூவுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு கை தூவினால் பூ விட்டுப்போகாமல் தொடரும். அறுக்காமல் பூக்க விட வேண்டும், இதுதான் வீட்டுப் பெண்களிடம் சொல்லிவைக்க வேண்டிய விஷயம்.

நடுநடுவே தட்டைப்பயறு போடுவது இன்னும் நல்லது. பயறு வகைச் செடிகள் பலவற்றில் பூவுக்கு வெளியேயும், இலைக்காம்புப் பக்கத்திலும் காம்படியிலும், தேன் சுரக்கும். லிமா பீன்ஸ் என்று உலகம் சொல்லும் டபுள் பீன்ஸ் இதில் ஒரு படி மேல். செம்பேன் (இலைச் சாறு உறிஞ்சும் சிவப்புச் சிலந்திப்பேன்) கடித்ததும் அந்தச் செடி காற்றில் ஒரு வாசனையை விடும், அதைப் பிடித்துக்கொண்டு செம்பேனைத் தின்னும் இரைவிழுங்கிச் சிலந்திப்பேன் தேடி வரும். 1980-களில் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டறிந்தது இந்தச் செடியை வைத்துத்தான். செடியே ஆள் கூப்பிடுகிறது. வந்தவர்களை நாம் மருந்தடித்து அனுப்பிவிடக் கூடாது.

படி 9: அடித்தே ஆக வேண்டும் என்றால்

அப்படியும் சில நாள் வரும். வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஓட்டை விழுந்த காய்க்கு விலை இல்லை என்பது எனக்கும் தெரியும். அடிப்பதாக இருந்தால் தோட்டம் முழுக்க வேண்டாம், தாக்கிய பாத்திக்கு மட்டும் அடியுங்கள். காய்ப்புழுவுக்கு பி.டி. பாக்டீரியா மருந்தோ பச்சைக் காய்ப்புழுவுக்கான என்.பி.வி. வைரஸோ போதும். இரண்டையும் புழு தின்றால்தான் வேலை செய்யும். பறக்கும் குளவிக்கு நேரடியாக ஒன்றும் ஆகாது. வெயிலில் வீரியம் போகும் என்பதால் சாயங்காலம் அடிக்க வேண்டும். பேனுக்கும் இளம் இலைத்துளைப்பானுக்கும் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல்: 5 கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, காதி சோப் கரைத்துச் சேர்த்து அன்றே அடித்துவிடுங்கள். சிந்தெடிக் பைரித்ராய்டு வகை மருந்துகளைப் பூக்கும் பீன்ஸில் நான் வைப்பதே இல்லை. அவற்றின் மிச்சம் இலையில் நிற்கும்வரை அங்கே நடக்கும் குளவி பிழைக்காது.

படி 10: கடைசிக் காய் பறித்த பிறகு

பெரும்பாலோர் தவறவிடும் இடம் இது. கடைசிப் பறிப்பு முடிந்த அன்றே கொடியைப் பிடுங்கிக் குவித்துத் தீ வைக்கிறோம். அந்த இலைகளில்தான் ஒரு போகம் முழுக்கப் பெருகிய குளவிகள் கூட்டுக்குள் இருக்கின்றன. நான் இப்போது ஓரத்து இரண்டு வரிசையை மட்டும், உப்பின பேனும் செத்த கோடும் அதிகம் உள்ளதாகப் பார்த்து, இரண்டு வாரம் நிற்க விடுகிறேன். அதில் புதுக் காய்ப்புழு இருந்தால் கையால் பொறுக்கிவிடுவேன். மற்றவற்றை வேரோடு பிடுங்கிக் காய விடலாம். தண்டு ஈ தாக்கியதையும் துரு நோய் விழுந்த கொடியையும் மட்டும் தனியாகப் புதைத்துவிடுங்கள். அடுத்த விதைப்பை நிற்கும் அந்த இரண்டு வரிசைக்குப் பக்கத்துப் பாத்தியிலிருந்து தொடங்குங்கள். புதுச் செடி நாலிலை விடும்போது முதல் குளவிகள் பழைய வரிசையிலிருந்து தாமாகவே இடம் மாறிக்கொள்ளும்.